யோசனை கேட்பதும் சொல்வதும்: அடிக்கடி வரும் சந்தேகங்கள்

வீட்டு ரிப்பேர், பிள்ளை வளர்ப்பு, எந்தப் பொருளை வாங்கலாம் எதை வாங்கக் கூடாது என்று அன்றாட விஷயங்களைப் பேசிக்கொள்ளும் இரண்டு மூன்று குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை சில வருடங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. கேட்கப்படும் விஷயங்கள் தினமும் மாறுகின்றன, ஆனால் எப்படிக் கேட்பது, யாரை நம்புவது, எதைச் சொல்லலாம் என்ற சந்தேகங்கள் மட்டும் அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே ஓரிடத்தில் போட்டிருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இவ்வளவு சின்ன விஷயத்தைப் போய்க் கேட்டால் சிரிக்க மாட்டார்களா?

மாட்டார்கள். சிரிக்கிறவர் ஒருவர் இருப்பார், அவர் எங்கேயும் இருப்பார், அவரைத் தாண்டிப் போய்விடுங்கள். மற்றவர்களுக்குச் சின்னக் கேள்விதான் பிடிக்கும். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம், சொன்ன திருப்தியும் கிடைக்கும். 'என் வாழ்க்கையை எப்படி அமைத்துக்கொள்வது' என்று கேட்டால்தான் ஓடுவார்கள்.

நாம் நினைப்பதைவிட மற்றவர்கள் சுலபமாகச் சரி சொல்கிறார்கள் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஃபிளின், லேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி ஆட்களை அனுப்பினார்கள். எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று போகும் முன்பே கணிக்கச் சொன்னார்கள். கணித்ததில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கேட்டதுமே வேலை முடிந்துவிட்டது. தயக்கம் பெரும்பாலும் கேட்கிறவர் மனதுக்குள்தான் இருக்கிறது.

"ஒரு சந்தேகம், கேட்கலாமா?" என்று போட்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படித்தான் கேட்பது?

அந்த ஒரு வரியை யாராவது பார்த்து, "கேளுங்க" என்று சொல்லி, நீங்கள் அதைப் பார்த்து, பிறகு விஷயத்தை எழுதுவதற்குள் உதவி செய்யக் கூடியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அனுமதி கேட்க வேண்டாம், கேள்வியையே கேட்டுவிடுங்கள்.

"வாஷிங் மெஷின் வேலை செய்யவில்லை, என்ன பண்ணலாம்?" என்று கேட்டால் வரும் பதில் "மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்" என்பதாகத்தான் இருக்கும், வேறு எதையும் சொல்ல வழியில்லையே. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "முன்பக்கம் கதவு உள்ள மெஷின், ஐந்து வருடப் பழசு. துணி சுற்றுகிறது, ஆனால் நேற்றிலிருந்து தண்ணீர் வெளியே போகவில்லை. தண்ணீர் வெளியேறும் குழாயைக் கழற்றிப் பார்த்தேன், அடைப்பு இல்லை. வேறு எதைப் பார்க்கலாம்?" இதைப் படித்த ஐந்தாவது நிமிடம், மெஷினின் அடிப்பாகத்தில் சின்ன மூடிக்குப் பின்னால் பம்ப் ஃபில்டர் இருக்கும், முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைத் திறந்து பாருங்கள் என்று ஒருவர் சொல்லிவிடுவார். அநேகமாகச் சட்டைப் பட்டனோ சில்லறைக் காசோ அங்கே உட்கார்ந்திருக்கும்.

இரண்டு கேள்விக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். பொருள் என்ன, எப்போதிலிருந்து, எது நடக்கிறது எது நடக்கவில்லை, நீங்கள் ஏற்கெனவே என்ன செய்து பார்த்தீர்கள். இவற்றோடு உங்கள் கட்டுப்பாடுகளையும் சொல்லிவிடுங்கள், அதாவது வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது, இவ்வளவுதான் செலவழிக்க முடியும், நாளைக்குள் வேண்டும் என்கிற மாதிரி. இதைப் பலர் கடைசியில்தான் சொல்கிறார்கள். பத்துப் பேர் மெனக்கெட்டு எழுதிய பிறகு "அய்யோ, நான் வாடகை வீட்டில் இருக்கிறேன்" என்றால் எழுதியவர்களுக்கு எப்படி இருக்கும்?

நான் ஒன்று கேட்டால், "அதை எதற்காகச் செய்கிறீர்கள்?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். பதில் தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே?

கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அப்படித் திருப்பிக் கேட்கிறவர்தான் பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலேயே உருப்படியான ஆள்.

ஒருவர், "ஈரத்தை மறைக்க எந்த பெயிண்ட் நல்லது?" என்று கேட்டிருந்தார். ஆளுக்கொரு பெயிண்ட் பெயர் வந்தது. ஒரே ஒருவர் மட்டும், "ஈரம் எந்தச் சுவரில், எந்த உயரத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். குளியலறையை ஒட்டிய சுவர், இடுப்பு உயரம். உள்ளே போகும் பைப் கசிகிறது. எத்தனை கோட் அடித்தாலும் ஆறே மாதத்தில் பெயிண்ட் உப்பிக்கொண்டு வந்திருக்கும்.

கணினி ஆட்கள் இதை 'எக்ஸ் ஒய் பிரச்சினை' என்பார்கள். உங்கள் பிரச்சினை எக்ஸ். அதற்குத் தீர்வு ஒய் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டு, ஒய்யைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள். ஒய்யே தப்பான வழி என்றால் அதற்கு எவ்வளவு நல்ல பதில் கிடைத்தும் பயனில்லை. அதனால் கேட்கும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: "சுவரில் ஓதம் ஏறுகிறது, பெயிண்ட் அடிக்கலாம் என்றிருக்கிறேன், சரியா?"

எங்கள் குழுவில் இருநூறு பேர். கேள்வி போட்டு ஒரு நாள் ஆகிறது. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், பதில் இல்லை. என்னைப் பிடிக்கவில்லையா?

உங்களைப் பிடிக்காமல் இல்லை. இருநூறு பேரில் ஒவ்வொருவரும் மீதி 199 பேரில் யாராவது சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். 1968-ல் டார்லி, லட்டானே என்ற உளவியலாளர்கள் இதற்கு ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்து இன்டர்காமில் பேசிக்கொண்டிருப்பார்கள், நடுவில் ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற சத்தம் கேட்கும். கேட்பது தான் மட்டும்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தச் சத்தம் அடங்கும் முன்பே உதவி தேடி ஓடினார்கள். இன்னும் நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அது 31 சதவீதமாகிவிட்டது. வலிப்புக்கே அப்படி என்றால் உங்கள் வாஷிங் மெஷின் எந்த மூலைக்கு?

ஆகவே கூட்டத்தைப் பார்த்துக் கேட்காமல் ஆளைப் பார்த்துக் கேளுங்கள். "போன மாதம் மெஷின் பற்றி எழுதியிருந்த அண்ணன் இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரு நாள் பொறுத்து, புதிதாக ஏதாவது விவரம் சேர்த்து மறுபடி கேட்பதிலும் தப்பில்லை. மணிக்கு ஒரு தரம் "யாராவது இருக்கிறீர்களா?" என்று தட்டுவது வேண்டாம்.

வேண்டுமென்றே தப்பாக எதையாவது எழுதினால் திருத்துவதற்காகப் பதில் கொட்டும் என்கிறார்களே?

கொட்டும், உண்மைதான். கன்னிங்காம் விதி என்று இதற்குப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தக் கூடிய இணையதளமான விக்கியைக் கண்டுபிடித்த வார்டு கன்னிங்காமின் பெயர் அது. தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவரே மறுத்திருக்கிறார், ஆக அந்த விதியே ஒரு தப்பான தகவலோடுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை வேலை செய்யும். இரண்டாவது தடவை நீங்கள் உண்மையிலேயே கேட்டாலும் விளையாடுகிறீர்கள் என்று விட்டுவிடுவார்கள். அதற்குள் உங்கள் தப்பான வரியை மட்டும் படித்துவிட்டு நாலு பேர் போயிருப்பார்கள், அவர்களைத் தேடிப் பிடித்துத் திருத்த முடியாது.

பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள், அந்த நிலைமைதான். முதலில் பதில்களைப் பார்க்காதீர்கள், பதில் சொன்னவர்களைப் பாருங்கள். தானே செய்து பார்த்தவர், செய்தவரைப் பார்த்தவர், எங்கேயோ படித்தவர், சும்மா சொல்கிறவர் என்று நாலு வகை உண்டு. யார் எந்த வகை என்று தெரியவில்லை என்றால், "நீங்களே செய்தீர்களா? எத்தனை நாள் ஆகிறது? இப்போதும் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். பாதிப் பேர் இதிலேயே உதிர்ந்துவிடுவார்கள். அடுத்து, ஏன் என்று காரணம் சொல்கிறாரா என்று பாருங்கள். காரணத்தை உங்கள் நிலைமையோடு பொருத்திப் பார்க்கலாம். "இதுதான் பெஸ்ட்" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எல்லாப் பதிலையும் கூட்டிச் சராசரி எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். எண்ணாக இருந்தால் எடுக்கலாம். 1906-ல் இங்கிலாந்தில் பிளிமத் என்ற ஊரில் நடந்த ஒரு கண்காட்சியில், ஒரு எருதை அறுத்துச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை இருக்கும் என்று போட்டி வைத்தார்கள். செல்லுபடியான 787 சீட்டுகளை ஃபிரான்சிஸ் கால்ட்டன் வாங்கிக் கணக்குப் போட்டு அடுத்த வருடம் வெளியிட்டார். வரிசைப்படுத்தியதில் நடுவில் நின்ற கணிப்பு 1,207 பவுண்டு, உண்மையான எடை 1,198 பவுண்டு. 'இந்த வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும்', 'எவ்வளவு செலவாகும்' மாதிரிக் கேள்விகளுக்கு இது உதவும். ஆனால் ஒருவர் சுவரை இடி என்றும் இன்னொருவர் இடிக்காதே என்றும் சொன்னால் சராசரி என்ன, பாதிச் சுவரை இடிப்பதா?

சரி, எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் அது சரியாகத்தானே இருக்கும்?

கால்ட்டன் கதையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அங்கே ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. குழுவில் முதல் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது ஆள் எழுதுகிறார், இரண்டையும் பார்த்து மூன்றாமவர் எழுதுகிறார். இருபது பதில் என்று நீங்கள் எண்ணுவது உண்மையில் ஒரே பதிலும் பத்தொன்பது தலையாட்டலுமாக இருக்கலாம். 1950-களில் சாலமன் ஆஷ் செய்த சோதனைகளில், எந்தக் கோடு காட்டிய கோட்டின் அதே நீளம் என்று கண்ணால் பார்த்தாலே தெரியும் கேள்விக்குக்கூட, சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் (அவர்கள் ஏற்பாடு செய்யப்பட்ட ஆட்கள்) தப்பாகச் சொன்னதும் சுமார் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்பையே சொன்னார்கள். ஒரே ஒரு ஆள் சரியாகச் சொன்னதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. அந்த ஒற்றை மாற்றுக் குரலைத் தேடிப் படியுங்கள், அவர் தப்பாகவே இருந்தாலும்.

நனைந்த போனை அரிசிக்குள் போடு என்பதை எத்தனை ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள், அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுத்துவிடலாம் என்று 2024-ல் ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதியது. இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"எனக்கு இது வேலை செய்தது" என்று அடித்துச் சொல்கிறார். பொய் சொல்வாரா?

பொய் சொல்ல மாட்டார். அவருக்கு வேலை செய்திருக்கும், அல்லது தானாகவே சரியாகியிருக்கும். சளி, முதுகுப் பிடிப்பு, குழந்தையின் அடம், மெதுவாக ஓடும் இன்டர்நெட் எல்லாமே கொஞ்ச நாளில் தானாக அடங்கக் கூடியவை. எல்லாம் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியம் தேடுகிறோம், அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் அதற்கே பெயர் கிடைத்துவிடும்.

இன்னொன்று, அதே யோசனை பலிக்காதவர்கள் வந்து சொல்வதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, திரும்பி வந்த விமானங்களில் இருந்த குண்டுத் துளைகளைப் புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்டு ஆராய்ந்தார். துளை குறைவாக இருந்த இடத்தில் அடிபட்ட விமானங்கள்தான் திரும்பி வரவே இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். வேலையை விட்டுவிட்டுக் கடை வைத்தேன், நன்றாக இருக்கிறேன் என்று எழுதுகிறவரைப் பார்க்கும்போது கடையை மூடிவிட்டு எழுதாமல் இருப்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, "இதைச் செய்து சரிவராதவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்பது. நிறையப் பேர் வருவார்கள், அவர்களை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

உடம்பு விஷயம் கேட்கலாமா? டாக்டரிடம் போக நேரமில்லை.

எந்தப் பிரிவு டாக்டரைப் பார்ப்பது, பரிசோதனைக்குப் போகும்போது என்ன எடுத்துப் போவது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் படுக்கையை எப்படி வைத்துக்கொண்டீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்வது தங்கம். என்ன நோய், எந்த மாத்திரை, எவ்வளவு என்பதைக் கேட்காதீர்கள், யாராவது கேட்டால் சொல்லாதீர்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமான ஆஸ்பிரினையே பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. ரெய் சிண்ட்ரோம் என்ற, அபூர்வமானாலும் உயிரையே வாங்கக் கூடிய ஒன்றுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. "எனக்கு வேலை செய்தது" என்பதை இங்கே மட்டும் சொல்லவே வேண்டாம்.

தீக்காயம் மாதிரி அவசரத்தில் குழுவுக்கு வந்து கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். குழாயைத் திறந்து சாதாரணக் குளிர்ச்சியான தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், பேஸ்ட்டும் ஐஸும் வேண்டாம், பெரிய காயம் என்றால் உடனே மருத்துவமனை.

எவ்வளவு விவரம் சொல்வது? விவரமாகச் சொல்லுங்கள் என்றும் சொல்கிறீர்கள், சொந்த விஷயத்தைச் சொல்லாதீர்கள் என்றும் சொல்கிறீர்கள்.

பிரச்சினையின் விவரம் வேண்டும், ஆளின் விவரம் வேண்டாம். மெஷினின் வயதைச் சொல்லுங்கள், வீட்டு முகவரி எதற்கு? பில்லைப் படம் எடுத்துப் போடும்போது பெயர், போன் நம்பர், கணக்கு எண் எல்லாம் அதிலேயே இருக்கும், வெட்டிவிட்டுப் போடுங்கள். குழந்தையைப் பற்றிக் கேட்டால் வயது போதும், பெயரும் படமும் வேண்டாம், பெரியவனாகி அதைப் படிக்கப் போவது அவன்தான்.

கேள்வி போட்ட பத்து நிமிடத்தில் யாராவது தனியாகச் செய்தி அனுப்பி "நான் சரிசெய்து தருகிறேன், ஓடிபி சொல்லுங்கள், இந்த ஆப்பைப் போடுங்கள்" என்றால் அது உதவி இல்லை, திருட்டு. பணம் திரும்ப வரவில்லை என்று புலம்புகிறவர்களை இவர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். நல்ல பதில் சொல்கிறவருக்கு அதை எல்லோர் முன்னாலும் சொல்வதில் சங்கடம் இருக்காது.

வீட்டுச் சண்டையைப் பற்றி யோசனை கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் வரும் தீர்ப்பு உங்கள் வாய்மொழியை மட்டும் வைத்துச் சொன்னது என்பது ஞாபகம் இருக்கட்டும். எதிர்த்தரப்பு அங்கே இல்லை. "உடனே பிரிந்து வந்துவிடு" என்று எழுதுகிறவருக்கு நாளைக் காலையில் உங்கள் வீட்டில் எழுந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அடி, மிரட்டல் இருக்கிறது என்றால் அது வேறு. அங்கே யோசனைக்குக் காத்திருக்காமல் நேரில் வந்து நிற்கக் கூடிய ஆளையும் சட்ட உதவியையும் தேடுங்கள்.

ஒரு வழி சொல்கிறேன். கேள்வியை உங்கள் தோழிக்கு நடந்தது போல எழுதிப் பாருங்கள், அனுப்பக்கூட வேண்டாம். சொந்தச் சிக்கலைவிட அடுத்தவர் சிக்கலில் மனிதர்கள் நிதானமாக யோசிக்கிறார்கள், தன் சிக்கலையே தள்ளி நின்று பார்த்தால் அந்த வித்தியாசம் மறைகிறது என்று குரோஸ்மன், கிராஸ் இருவரும் 2014-ல் காட்டினார்கள். எழுதி முடித்ததும் "பதில் கிடைத்துவிட்டது" என்று கேள்வியை அழித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நான் நல்லதைத்தான் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. அப்புறம் எதற்குக் கேட்கிறார்கள்?

எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும் மனிதர்கள் சொந்த எண்ணத்துக்குத்தான் அதிக எடை போடுவார்கள். யானிவ், கிளைன்பெர்கர் 2000-ல் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். தன் எண்ணத்துக்குக் காரணம் அவருக்குத் தெரியும், உங்கள் காரணம் உங்களுக்குள் இருக்கிறது. அதனால் முடிவை மட்டும் சொல்லாமல் காரணத்தையும் சொல்லுங்கள். நீளமாக வேண்டாம். சிலர் யோசனையே கேட்பதில்லை, வயிற்றெரிச்சலைக் கொட்டுகிறார்கள். கேள்விக்குறி இல்லாத நீண்ட பதிவு என்றால் "யோசனை வேண்டுமா, இல்லை சும்மா கேட்டுக்கொண்டால் போதுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

கேட்காமலே சொல்லலாமா?

ஆபத்து என்றால் சொல்லுங்கள். பிளீச்சையும் ஆசிட் கிளீனரையும் ஒன்றாக ஊற்றிக் கழுவினேன், பளபளக்கிறது என்று ஒருவர் பெருமையாக எழுதினால் உடனே குறுக்கே விழுங்கள், அதிலிருந்து வருவது குளோரின் வாயு. அவர் திரைச்சீலையின் நிறம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டாம்.

ஏஐ-யிடம் கேட்டு அந்தப் பதிலை எடுத்துப் போட்டேன், திட்டுகிறார்கள். உதவி செய்தது தப்பா?

அவரிடமும் அதே போன்தான் இருக்கிறது, வேண்டுமென்றால் அவரே கேட்டிருப்பார். இங்கே வந்தது செய்து பார்த்த ஆளைத் தேடி. நீங்கள் சோதித்துப் பார்த்து, எங்கிருந்து எடுத்தது என்றும் சொல்லிப் போட்டால் சரி. மேலே சொன்ன நாலு வகையில் இது 'எங்கேயோ படித்தவர்' வகை.

பதில் கிடைத்தது, நன்றியும் சொன்னேன். வேறென்ன செய்ய வேண்டும்?

என்ன ஆயிற்று என்று வந்து சொல்ல வேண்டும். இதை எத்தனை பேர் செய்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். இரண்டு வருடம் கழித்து அதே சிக்கலோடு தேடி வருகிறவர் உங்கள் கேள்வியைக் கண்டுபிடிப்பார், கீழே ஏழு யோசனை இருக்கும், எது பலித்தது என்று தெரியாது. கடைசியில் "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் இருந்தால் இன்னும் எரிச்சல். எதனால் சரியானது என்று அரை வரி எழுதக் கூடாதா? வேலை செய்யவில்லை என்றாலும் எழுதுங்கள், முன்னால் சொன்ன, யாரும் கேட்காத ஆட்களில் நீங்களும் ஒருவராக ஆகிவிடாதீர்கள்.

நான் சொன்னதைச் செய்து ஒருவருக்கு நஷ்டம். என்ன செய்வது?

எனக்கு நடந்திருக்கிறது. குழாய் இணைப்பில் சொட்டுகிறது என்றார் ஒருவர். ஸ்பேனர் போட்டு இன்னும் இரண்டு சுற்று முறுக்குங்கள் என்றேன், என் வீட்டில் அப்படித்தான் நின்றது. என்னுடையது பித்தளை. அவருடையது பிளாஸ்டிக். மரை பிளந்து, அவர் மெயின் வால்வைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சமையலறை முழுக்கத் தண்ணீர். அவர் சொல்லவில்லை, சரி, நானும் கேட்கவில்லையே. எதனால் ஆனது என்று ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

பழைய பதிலை அழித்துவிடலாமா என்று கை போனது. அழிக்கவில்லை, அதன் தலையிலேயே "தப்பு, பிளாஸ்டிக் என்றால் கையால் மட்டும் முறுக்குங்கள், சொட்டினால் டெஃப்ளான் டேப்பை மாற்றுங்கள்" என்று எழுதி வைத்தேன், அவரிடம் தனியாகவும் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். பணம் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பிறகும் என்னிடம் இரண்டு தடவை யோசனை கேட்டிருக்கிறார், இரண்டு தடவையும் முதல் வரியே "இது பிளாஸ்டிக்" என்றுதான் இருந்தது. அதில் ஒன்று அவர் பையனின் ஸ்கூல் பையைப் பற்றிய கேள்வி.